பத்தாற் பெருக்கும்போது நகர்வது எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சமயம் பற்றியும் இலக்கியம் பற்றியும் அறிஞர்கள் பேசிய இதே மேடையில் நின்று, "இரண்டு தசம் ஐந்தைப் பத்தாற் பெருக்கினால் என்ன வரும்?" என்று நாம் கேட்பது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். களனிப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்த பயன் இதுதானா என்று சிலர் புன்னகை செய்வதும் தெரிகிறது. ஆயினும் இச்சிறு கணக்கு எம்மை ஒரு நாள் தலைகுனிய வைத்தது. எதனால் என்பதைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறோம்.

நம் சங்கத்தில் சனிக்கிழமை தோறும் பிற்பகலில் இலவச வகுப்பு நடைபெறுவதை நீங்கள் அறிவீர்கள். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கணிதம் கற்பிக்கும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று கணக்குகள் கொடுத்தோம். ஏழைப் பத்தாற் பெருக்குக, முப்பத்து நான்கைப் பத்தாற் பெருக்குக, 2.5ஐப் பத்தாற் பெருக்குக. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் சிறுவன் ஒருவன் முதலாவதற்கு 70 என்றும் இரண்டாவதற்கு 340 என்றும் சரியாக எழுதினான். மூன்றாவதற்கு 2.50 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையினால் ஒரு கோடு இழுத்தோம். வகுப்பிற் சிலர் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

சிறுவன் எழுந்து நின்றான். "அண்ணா, பத்தாற் பெருக்கினால் கடைசியில் ஒரு பூச்சியம் போடு என்று சொன்னது நீங்கள்தானே?" என்றான்.

உண்மைதான். முதல் வாரம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தோம். உடனே சமாளித்துக்கொண்டு, "புள்ளி இருக்கும் எண்ணுக்கு வேறு விதி, புள்ளியை ஓர் இடம் வலப்பக்கம் தள்ள வேண்டும்" என்றோம்.

"அப்படியென்றால் முப்பத்து நான்கில் புள்ளி எங்கே இருக்கிறது, அண்ணா?"

நாம் சொன்ன பதில் அவனுக்கு விளங்கவில்லை. எமக்கும் முழுவதும் விளங்கியிருந்தது என்று சொல்ல முடியாது. இறுதியாக அவன் கேட்டான்: "அப்போ முதலில் சொன்னது பொய்யா?"

அன்பர்களே! அந்தக் கேள்விக்கு அன்று எம்மிடம் விடையில்லை. நாம் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். அங்கேயும் புள்ளியைத் தள்ளும் விதியைத்தான் படித்தோம்; தள்ளினோம்; முழுப் புள்ளிகளும் பெற்றோம். அது ஏன் தள்ளப்படுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆசிரியர் சொல்லியிருப்பார். கேட்காதது எம் குற்றம். கேளாமற் பெற்ற விதியை அப்படியே ஒரு பிள்ளையின் கையிற் கொடுத்தது அதைவிடப் பெரிய குற்றம்.

அடுத்த சனிக்கிழமை அவனைத் தனியே அழைத்தோம். அவனுடைய தகப்பனார் செட்டியார் தெருவுக்காக நகை செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். "தம்பி, ஒரு மோதிரம் இரண்டரைக் கிராம். அப்படிப் பத்து மோதிரத்துக்கு எவ்வளவு தங்கம் வேண்டும்?" என்று கேட்டோம். கொப்பியைத் திறக்கவுமில்லை, விரலை மடிக்கவுமில்லை. "இருபத்தைந்து கிராம், அண்ணா. மூன்று பவுணும் ஒரு கிராமும்" என்றான். ஒரு பவுணுக்கு எட்டுக் கிராம் என்பது இங்குள்ள வழக்கு. கணக்குச் சரி.

அப்பொழுதுதான் எம் கண் திறந்தது. பிள்ளைக்கு விடை தெரிந்தே இருந்தது. தகப்பனாரின் பட்டறையில் அவன் அறிவாளி. எம் வகுப்புக்குள் வந்து, எம் விதியைக் கேட்ட பின்னர்தான் அவன் பிழைவிட்டான். இரண்டரை என்பதும் 2.50 என்பதும் ஒன்றுதானே, பத்து மடங்கு கூடவில்லையே என்று பார்க்கும் சாதாரண புத்தியை எம் விதி மூடிவிட்டது.

ஆகவே விதிகள் இரண்டையும் ஒருபுறம் வைத்துவிட்டு, இந்த மண்டபத்திலேயே ஆறு கதிரைகளை வரிசையாகப் போட்டோம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு காகிதம் ஒட்டினோம். இடப்பக்கமிருந்து ஆயிரம், நூறு, பத்து, ஒன்று. அதன் பின் பத்திலொன்று, நூறிலொன்று. ஒன்று என்ற கதிரைக்கும் பத்திலொன்று என்ற கதிரைக்கும் நடுவே நிலத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினோம். அந்தக் கோடுதான் தசமப் புள்ளி. பிள்ளைகள் இலக்கம் எழுதிய அட்டைகளோடு வந்து அமர்ந்தார்கள்.

முதல் முறை அதிலும் ஒரு தவறு நேர்ந்தது. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்க இருத்திவிட்டோம். அவர்களுடைய இடம் எமக்கு வலமாயிற்று, எல்லாம் தலைகீழாயிற்று. பின்னர் எல்லோரையும் கரும்பலகையைப் பார்க்கத் திருப்பி இருத்தினோம். அதன் பின் கணக்கு ஒழுங்காக ஓடியது.

ஒன்றின் கதிரையில் இரண்டு. கோட்டைத் தாண்டிப் பத்திலொன்றின் கதிரையில் ஐந்து. இது 2.5. "பத்தாற் பெருக்குவோம்" என்றோம். ஒவ்வொருவருடைய பெறுமதியும் பத்து மடங்காக வேண்டும். அதற்கு வழி என்ன? எல்லோரும் எழுந்து இடப்பக்கம் ஒரு கதிரை தள்ளி அமர வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு கதிரையும் தன் வலப்பக்கத்துக் கதிரையைப் போலப் பத்து மடங்கு. இரண்டு பத்தின் கதிரைக்குப் போனான். ஐந்து கோட்டைத் தாண்டி ஒன்றின் கதிரைக்கு வந்தான். இருபத்தைந்து! வெண்கட்டிக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. நகர்ந்தவை இலக்கங்கள், புள்ளி நகரவில்லை.

அடுத்து 2.5ஐ நூறாற் பெருக்கச் சொன்னோம். நூறு பத்தின் இரண்டாம் வலு. ஆகவே இரண்டு கதிரை தள்ள வேண்டும். இரண்டு நூறின் கதிரையிலும் ஐந்து பத்தின் கதிரையிலும் அமர்ந்தார்கள். ஒன்றின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. சற்று நேரம் எல்லோரும் பேசாதிருந்தார்கள். பின்னர் அந்தக் கொட்டாஞ்சேனைச் சிறுவனே மேசையிலிருந்து பூச்சிய அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதிரையில் அமர்ந்தான். இருநூற்றைம்பது.

"இப்போ விளங்குகிறது, அண்ணா. வெறும் கதிரை இருந்தால்தான் பூச்சியம் வேண்டும்" என்றான்.

இதைவிடத் தெளிவாக நாம் சொல்லியிருக்க முடியாது. முப்பத்து நான்கைப் பத்தாற் பெருக்கும்போது ஒன்றின் கதிரை வெறுமையாகிறது. அதைக் காக்கப் பூச்சியம் வருகிறது. 2.5ஐப் பத்தாற் பெருக்கும்போது ஒன்றின் கதிரைக்கு ஐந்து வந்துவிடுகிறான். பூச்சியத்துக்கு அங்கே வேலையில்லை. 0.04ஐ ஆயிரத்தாற் பெருக்கினால், ஆயிரம் பத்தின் மூன்றாம் வலு ஆகையால், நூறிலொன்றில் இருந்த நான்கு மூன்று கதிரை கடந்து பத்தின் கதிரைக்கு வருகிறான், ஒன்றின் கதிரையைப் பூச்சியம் காக்கிறது, விடை நாற்பது. வகுத்தலுக்கு இதே கதிரைகள் போதும். வலப்பக்கம் நகர்ந்தாற் சரி. பத்தின் பூச்சியமாம் வலு ஒன்று என்பதையும் பிள்ளைகளே சொன்னார்கள்: ஒன்றாற் பெருக்கினால் எவரும் எழும்பவே தேவையில்லை அல்லவா?

அப்படியானால் புள்ளி வலப்பக்கம் நகர்கிறது என்று உலகம் முழுவதும் சொல்கிறதே, அது எப்படி? வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறிக் கோட்டைக்குப் போகிறவர்கள் யன்னலுக்கு வெளியே பார்த்திருப்பீர்கள். கரையோரத் தாழை மரங்கள் தெற்கு நோக்கி ஓடுவது போலத் தோன்றும். ஓடுவது நாம். அது போலவே இலக்கங்கள் இடப்பக்கம் போகப் புள்ளி வலப்பக்கம் போவதாகத் தோன்றுகிறது. கை பழகியவனுக்கு அந்தத் தோற்றம் உதவும். ஆனால் மரந்தான் ஓடுகிறது என்று நம்பியவனுக்கு ஒரு நாள் இடமும் வலமும் மாறிப்போகும். பரீட்சை மண்டபத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நேர்வது அதுதான்.

இந்தக் கதிரை விளையாட்டு நாம் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணியிருந்தோம். பின்னர் நூலகத்திலே தேடியபோது அந்தப் பெருமையும் போயிற்று. யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதத்துப் பதின்மூன்றாம் சூத்திரத்திற்கு வியாசர் பெயரால் வழங்கும் பாஷியத்தில் இதே கருத்து இருக்கிறது. ஒரே கோடு நூறின் தானத்தில் நூறு எனவும், பத்தின் தானத்தில் பத்து எனவும், ஒன்றின் தானத்தில் ஒன்று எனவும் பெயர் பெறுகிறது. ஒரே பெண் தாய் எனவும் மகள் எனவும் சகோதரி எனவும் அழைக்கப்படுவது போல, என்பது அங்குள்ள உவமை. பொருள் மாறாதிருக்க அதன் நிலை மட்டும் எவ்வாறு மாறும் என்பதை விளக்க வந்த இடம் அது. பௌத்த நூலாகிய அபிதர்மகோசத்தின் உரையிலும், வசுமித்திரர் என்னும் ஆசிரியரின் கருத்தாக, எண்ணுவதற்கு வைக்கும் காய் ஒன்று தான் வைக்கப்படும் இடத்திற்கேற்ப ஒன்றாகவும் நூறாகவும் ஆயிரமாகவும் பெயர் பெறும் என்ற உவமை வருகிறது. தத்துவ ஞானிகள் கடினமான பொருளை விளக்க எல்லோருக்கும் தெரிந்த உவமையைத்தான் எடுப்பார்கள். ஆகவே இலக்கம் இடத்தினாற் பெறுமதி பெறுகிறது என்பது அக்காலத்தவர்க்கு எளிதாய் இருந்திருக்க வேண்டும். அந்த எளிய உண்மையைத்தான் நாம் ஒரு விதியால் மறைத்துவிட்டோம்.

இனி, நம் தமிழ்க் கணக்கைச் சிறிது பாருங்கள். பழைய தமிழ் எழுத்தில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஒன்றுக்குக் கீழே வந்தால் கீழ்வாயிலக்கம்: கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு குறியும். மா என்பது இருபதிலொன்று. காணி எண்பதிலொன்று. முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதிய பிள்ளை இவற்றையெல்லாம் வாய்ப்பாடாக மனனம் செய்தான். அந்த நினைவாற்றலை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

அந்த முறையிற் பத்தாற் பெருக்கிப் பாருங்கள். பத்து மா அரை. பத்துக் காணி அரைக்கால். பத்து முந்திரி அரைவீசம். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க வழியில்லை. ஒவ்வொன்றையும் தனியே மனத்திற் கொள்ள வேண்டும். இதையே தசமத்தில் எழுதினால், மா 0.05, பத்து மடங்கு 0.5. காணி 0.0125, பத்து மடங்கு 0.125. முந்திரி 0.003125, பத்து மடங்கு 0.03125. மூன்றிலும் நடப்பது ஒன்றே: எல்லோரும் ஒரு கதிரை இடப்பக்கம். முன்னோர் ஒவ்வொன்றாய் மனனம் செய்த மூன்று உண்மைகளை ஓர் அசைவு சொல்லிவிடுகிறது. இந்த எளிமையைத் தரும் முறையையும் நாம் மனனம் செய்யும் விதியாக்கிவிட்டால், அதனால் வந்த பயன் என்ன?

தசம எழுத்து ஒரு நாளில் வந்ததன்று. 952இல் டமஸ்கஸ் நகரில் அல் உக்லிதிசி என்பவர் எழுதிய கணித நூலிலே தசமப் பின்னங்கள் காணப்படுகின்றன. 1427இல் அல் காஷி தம் கணித நூலில் அவற்றை முறையாக ஆண்டார். 1585இல் சைமன் ஸ்டெவின் என்பவர் டச்சு மொழியிலே ஒரு சிறு நூல் வெளியிட்டு, நிலம் அளப்போருக்கும் வணிகருக்கும் நாணயம் அடிப்போருக்கும் இக்கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். நாணயமும் நிறையும் அளவும் பத்துப் பத்தாகவே பிரிக்கப்பட வேண்டும் என்றும் அதில் வேண்டினார்.

அந்த டச்சுக்காரர் 1656இற் கொழும்பைக் கைப்பற்றினர். கொட்டாஞ்சேனையில் இன்றும் நிற்கும் வூல்வெண்டால் தேவாலயம் அவர்கள் கட்டியது. ஆனால் ஸ்டெவினின் யோசனை அவர்களோடு கப்பல் ஏறவில்லை. அவர்கள் காலத்து ரிக்ஸ்டொலருக்கு நாற்பத்தெட்டு ஸ்டைவர். பின்வந்த ஆங்கிலேயரோ பன்னிரண்டு பென்சுக்கு ஒரு சிலிங், இருபது சிலிங்குக்கு ஒரு பவுண் என்றார்கள். 1872இலேதான் இலங்கையில் ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்றாயிற்று. இந்தியா அணா, பைசா என்ற கணக்கை விட்டு 1957இல் இவ்வழிக்கு வந்தது. எமக்குச் சிலிங் கணக்குச் சொல்லிவைத்த இங்கிலாந்து 1971இலே வந்தது. அவ்வகையில் நம் பாட்டன்மார் தொண்ணூற்றொன்பது வருடம் முந்திக்கொண்டனர்! சதம் என்ற சொல்லுக்கே நூறு என்பதுதான் பொருள். அந்தப் பெயரே ரூபாவுக்கும் அதற்கும் இடையே எத்தனை கதிரை என்பதைச் சொல்லுகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிள்ளைகளில் ஒருத்தி அதைக் கேட்டாள். "2.50 ரூபா 250 சதம். நூறாற் பெருக்கினோம். ஆனால் காசு கூடவில்லையே?" நல்ல கேள்வி. எண் நூறு மடங்கு பெருத்தது. ஆனால் எண்ணும் அலகு நூறில் ஒரு பங்காகச் சிறுத்தது. ஆகவே கையில் உள்ளது மாறவில்லை. பத்து மோதிரம் செய்தால் தங்கம் உண்மையிலே பத்து மடங்கு வேண்டும். ரூபாவைச் சதமாகச் சொன்னால் எதுவும் பெருகுவதில்லை. எதை ஒன்று என்று சொல்கிறோம் என்பதே மாறுகிறது. கணக்கு ஒன்றேயாயினும் கருத்து இரண்டு. இதைப் பிரித்தறியாதவன் கணக்கைச் சரியாகச் செய்தும் ஏமாறுவான்.

வீட்டு வாசலில் உள்ள நீர்மானியைப் பிள்ளைகளோடு சென்று பாருங்கள். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் தோன்றி, நூற்று நாற்பத்தைந்து கிலோமீற்றர் ஓடி வருகிற களனி கங்கையின் நீர்தான், அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்பின் பெரும்பகுதிக்குக் குழாய் வழியே வருகிறது. மானியிலே கறுப்பு இலக்கங்கள் முழு அலகுகள்; ஓர் அலகு ஆயிரம் லீற்றர். சிவப்பாய் இருப்பவை அலகின் பின்னங்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே உள்ள எல்லை என்றைக்கும் நகர்வதில்லை. இலக்கங்கள்தான் சுழல்கின்றன, வலப்பக்கத்துச் சில்லு பத்து முறை அடியெடுத்து வைத்தால் இடப்பக்கத்துச் சில்லு ஒரு முறை அடியெடுத்து வைக்கிறது. ஒழுகும் குழாய் ஒன்று ஓர் இரவில் 0.125 அலகைக் குடித்துவிட்டால், அது நூற்றிருபத்தைந்து லீற்றர் நல்ல தண்ணீர். புள்ளிக்குப் பின்னால் உள்ளதுதானே என்று அலட்சியம் செய்யலாமா?

புள்ளியை அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து வரும் இடமும் உண்டு. தாய்மார்களே, இதைச் சிறிது கவனித்துக் கேளுங்கள். குழந்தைக்குரிய பாணிமருந்து 2.5 மில்லிலீற்றர் என எழுதியிருக்க, புள்ளி மங்கிப் போனால் அது 25 ஆகிவிடும். பத்து மடங்கு! மருந்தில் ஒரு கதிரை தவறுவது என்றால் அதுதான். இதனாலேயே மருந்தளவு எழுதுவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. அரை என்பதை வெறும் புள்ளியோடு தொடங்கி எழுதாமல், முன்னே பூச்சியம் வைத்து 0.5 என எழுத வேண்டும். இல்லையேல் அது ஐந்தாகப் படிக்கப்படும். ஐந்து என்பதை 5.0 என எழுதாமல் 5 என்றே விட வேண்டும்; இல்லையேல் அது ஐம்பதாகப் படிக்கப்படும். ஓரிடத்தில் பூச்சியம் காவலன். மற்றோரிடத்தில் அதுவே ஆபத்து. எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அறிந்தவனே அதை எழுதத் தகுந்தவன். ஐயம் இருந்தால், ஊட்டுவதற்கு முன் மருந்து தந்தவரிடம் மீண்டும் ஒரு முறை கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

அன்பர்களே! அச்சிறுவன் கேட்ட கேள்விக்கு வருவோம். "முதலில் சொன்னது பொய்யா?" சென்ற மாதம் அவனுக்கு விடை சொன்னோம். "தம்பி, அது முழு உண்மையன்று. முழு எண்ணுக்கு மட்டும் பொருந்தும் ஒன்றை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட்டோம். பிழை எங்களுடையது" என்றோம். அவன் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை; தலையை ஆட்டிவிட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டான். அவன் இன்று கணிதத்தில் வகுப்பிற்கு முதல்வன் என்று சொல்லிக் கைதட்டல் வாங்க நாம் வரவில்லை. இன்னும் சில வேளைகளில் தவறு விடுகிறான். ஆனால் விடை எழுதிய பின், "இது பெரிதாக வர வேண்டுமா, சிறிதாக வர வேண்டுமா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துப் பார்க்கிறான். முன்னே அது இல்லை. அது போதும்.

கணிதத்திற் சித்தி பெறாத காரணத்தாற் பதினாறு வயதிலே மேற்படிப்பைக் கைவிட்ட பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள். அவர்கள் மூளை குறைந்தவர்கள் அல்லர். ஏழாம் வகுப்பில் ஏதோ ஒரு விதி மற்றொரு விதியோடு மோத, கேட்க ஆளில்லாமல், "கணக்கு எனக்கு வராது" என்று ஒதுங்கியவர்கள் அவர்களிற் பலர்.

ஆகவே நம் சங்கத்து இளைஞரிடம் இரண்டு வேண்டுகோள். சனிக்கிழமை வகுப்புக்கு இன்னும் ஆசிரியர் தேவை. பெரும் பட்டம் தேவையில்லை, இரண்டு மணி நேரமும் பொறுமையும் போதும். அவ்வாறு வருவோர், நாளை மாற்றிச் சொல்ல நேரும் விதி எதையும் இன்று பிள்ளைக்குச் சொல்லாதிருங்கள். ஏன் என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை தெரிந்துகொண்டு வாருங்கள். நாம் அப்படித்தான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டோம்.

கதிரைகளை இந்த மண்டபத்திலேயே வைத்திருக்கிறோம், வாருங்கள்.